ஆறாம் அறைச் சுவரின் கனம்

நான் வேலை பார்க்கும் மாளிகையில், தோட்டத்தைப் பார்த்தபடி ஒன்பது அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்பதாம் அறையின் கோடியில் நின்று பார்த்தால் ஒரு வாசலுக்குள் இன்னொரு வாசல், அதற்குள் இன்னொன்று என்று முதல் அறைவரை பார்வை ஓடும். ஓடுவதுபோல் தெரியும் என்று எழுதுவதுதான் சரி. ஆறாம் அறைவரைதான் அவை நிஜ வாசல்கள். ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே வாசலே கிடையாது. சுவரில் ஒரு கதவைத் தீட்டியிருக்கிறார்கள். பாதி திறந்த கதவு. இடுக்கு வழியாக ஐந்தாம் அறையின் கறுப்பு வெள்ளைத் தரை தெரிகிறது, அதற்கப்பால் நான்காம் அறையின் வாசல், அதற்கும் அப்பால் கொஞ்சம் இருட்டு. ஆறாம் அறையிலிருந்து ஐந்துக்குப் போக வேண்டுமானால் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்து சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

என் வேலை வாசலில். பார்க்க வருகிறவர்கள் செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ளக் கம்பளித் துணி உறைகளைக் கொடுப்பேன். போகும்போது வாங்கி உதறி, ஜோடி சேர்த்து அடுக்குவேன். ஒவ்வோர் அறையின் தரையும் ஒவ்வொரு விதம், எதிலும் கீறல் விழக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. கூட்டம் குறைந்த மதியங்களில் ஆறாம் அறையில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள். அங்கேதான் ஆட்கள் சுவரைத் தொடுவார்கள். தொடுவது என்ன, வாரத்துக்கு ஒருவராவது நேராக நடந்துபோய் முட்டிக்கொள்வார். ஓவியத்தின் அந்த இடுக்கில், ஆள் உயரத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் என்று பஞ்சு அக்கா எனக்குக் காட்டியிருக்கிறார். எல்லாம் மூக்குத் தடங்கள்.

பஞ்சு அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பவர். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, மருந்துத் தண்ணீரில் நனைத்து, நாளைக்கு உள்ளங்கை அகலம் என்ற கணக்கில் பதினான்கு மாதமாக அந்தச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைமுடியில் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு இருக்கும். சொன்னால் எடுத்துப் போட்டுவிட்டு, அதே கையால் இன்னொன்றை ஒட்டிக்கொள்வார்.

மாளிகையைக் கட்டியவர் கப்பல்களுக்குக் கயிறு திரித்து விற்றவர். தூணின் இடுப்பு, படிக்கட்டின் கைப்பிடி, கூரையின் ஓரம் என்று எங்கே பார்த்தாலும் கல்லும் மரமும் முறுக்கிய கயிறுபோலவே செதுக்கப்பட்டிருக்கும். வீட்டுக்கு நூற்று நாற்பது வயது. அவர் எழுதிய கடிதங்கள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. கல் வந்துவிட்டது, மரம் இன்னும் வரவில்லை, தச்சன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஒரே ஒரு சுவரில் மட்டும் ஏன் கதவுக்குப் பதில் கதவின் படத்தை வைத்தார் என்று ஒரு வரி இல்லை. அதனால் சுற்றிக் காட்டுகிறவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அண்ணன் தம்பி சண்டையில் வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள் என்பார் ஒருவர். ஓவியருக்குக் கொடுத்த சவால் அது என்பார் இன்னொருவர். மேலாளர் இரண்டையும் நம்பவில்லை. கதவு இருந்த இடத்தில்தான் கதவை வரைவார்கள், அடைத்த கதவுக்குப் பின்னால் என்னவோ இருக்கிறது என்பது அவருடைய கட்சி.

நான் மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கான வேலை, இருக்கிற கட்டடம் ஒன்றை உள்ளேயும் வெளியேயும் அளந்து வரைவது. உள் அளவுகளையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினால் வெளி அளவு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. கூடப் படிக்கிறவர்கள் டீக்கடை, சைக்கிள் கடை, சொந்த வீடு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அந்த ஒன்பது அறைகளை எடுத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரியே மாற்றிவிடலாமா என்று யோசித்தேன்.

மாளிகைக்கு விடுமுறையான இரண்டு திங்கட்கிழமைகளில் உள்ளே அளந்தோம். உடன் வந்தவர் என் அக்கா வீட்டுக்காரர். மாளிகையின் தச்சர் அவர்தான். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அத்தானிடம் இருந்தது மாளிகையின் பழைய துணி நாடா. நுனி வளையம் போய், முதல் சில கோடுகள் நைந்து அழிந்துவிட்டன. இப்படிப்பட்ட நாடாவை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் செண்டிமீட்டர்க் கோட்டைச் சுவரில் வைத்துப் பிடித்து, பிறகு பத்தைக் கழிக்க வேண்டும். அப்படியே செய்தேன். நான் ஒரு சுவரில் பத்தைப் பிடிப்பேன், அத்தான் எதிர்ச்சுவரில் மண்டியிட்டு எண்ணைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வோர் எண்ணிலும் பத்தைக் கழித்துச் சுத்தமான தாளில் ஏற்றினேன்.

வாசல் இருக்கும் ஏழு குறுக்குச் சுவர்களின் கனத்தையும், ஜன்னல் வழியாக இரு கோடிச் சுவர்களின் கனத்தையும் என் சின்ன இரும்பு நாடாவால் தனியாகவே அளந்தேன். வெளிப்பக்கத்துக்கு வகுப்பிலிருந்து முப்பது மீட்டர் இரும்பு நாடாவையும் கூடப் படிக்கிறவர்கள் இரண்டு பேரையும் இரவல் வாங்கிவந்தேன்.

வெளியே 58.63 மீட்டர். உள்ளே ஒன்பது அறைகளும் சேர்ந்து 52.68. தெரிந்த சுவர்கள் எல்லாம் சேர்ந்து 4.56. மிச்சம் இருப்பது வாசல் இல்லாத அந்த ஒரே சுவர். கழித்துப் பார்த்தால் அதன் கனமாக வருவது ஒரு மீட்டர் முப்பத்தொன்பது செண்டிமீட்டர். மற்ற குறுக்குச் சுவர்கள் ஒவ்வொன்றும் நாற்பத்தெட்டு செண்டிமீட்டர்தான்.

அதாவது தீட்டிய கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் நுழைந்து நிற்கிற இடம் இருந்தது. மறுபடி கூட்டினேன். அதே விடை.

சனிக்கிழமை சாப்பிடும்போது அத்தானிடமும் அக்காவிடமும் சொன்னேன். எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் 'ஒருவேளை'. எதைச் சொன்னாலும் ஒருவேளை என்று ஆரம்பிப்பேனாம். அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவ ஒருவேளைன்னு சொல்லலைங்க," என்றாள் அத்தானிடம். "அப்ப உள்ள நிச்சயமா என்னமோ இருக்கு."

மறுநாள் காலை அத்தான் டீ குடிக்கும்போது மேலாளரிடம் சொல்லிவிட்டார். நான் உறைகளை அடுக்கி முடிப்பதற்குள் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேலாளர் எனக்கு நாற்காலி போட்டு, வரைபடத்தை மேஜையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு பொருளை வைத்தார்: கண்ணாடிக் கூடு, பசைப் புட்டி, அவருடைய டிபன் டப்பா, அதன் மூடி. அந்தச் சுவரின் மேல் விரலை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. எட்டு வருடமாக எல்லோரும் தன்னைக் கேலி செய்ததாகச் சொன்னார். மாளிகையை நடத்தும் அறக்கட்டளையில் வரைபடப் பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கே என்னைச் சிபாரிசு செய்து கடிதம் எழுதப்போவதாகவும் சொன்னார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

ஐந்தாம் அறைப் பக்கத்திலிருந்து சுவரைத் துளைக்க முடியாது. அங்கே தரையிலிருந்து கூரைவரை பளிங்குப் பலகைகள். ஒன்று விரிசல் விட்டாலும் மாற்றுப் பலகை கிடைக்காது. ஆகவே ஆறாம் அறைப் பக்கம், ஓவியத்தின் வழியாக. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, அதன் வழியே விளக்கும் சின்னக் கேமராவும். எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, கொத்தனார் வருவார். எந்த இடத்தில் துளைத்தால் சேதம் குறைவு என்று குறித்துக் கொடுக்கும் பொறுப்பு பஞ்சு அக்காவுக்கு.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் ஆறாம் அறை நாற்காலியில் இருந்தேன். பஞ்சு அக்கா சாரத்திலிருந்து இறங்கிவந்து, கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். ஓவியத்தில் ஓட்டை போட்டால் அதை அடைத்துத் தீட்டிவிடலாம், தூரத்தில் தெரியாது, ஆனால் பக்கத்தில் வந்தால் தெரியும் என்றார். என்னைக் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பிறகு கேட்டார்.

"அளவு சரிதானே?"

"ரெண்டு தடவ கூட்டிப் பாத்தேன்க்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சரி என்றார். சாரத்தில் ஏறிக்கொண்டார்.

அந்தப் பதில் அன்று முழுவதும் என்னை அரித்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை மாளிகை மூடியபின், சாவியை ஒப்படைப்பதற்கு முன் கிடைத்த அரை மணி நேரத்தில், அந்தச் சுவரை வேறு வழியில் அளந்து பார்க்க முடிவு செய்தேன். வழி கடினமானதல்ல. தாழ்வாரத்தில் ஐந்தாம் அறைக்கு ஒரு வாசல், ஆறாம் அறைக்கு ஒரு வாசல். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் அறைக்குள்ளும் போய் வாசல் ஓரத்திலிருந்து நடுச்சுவர்வரை அளந்து, இரண்டையும் கழிக்க வேண்டும். மிச்சம் சுவரின் கனம்.

தாழ்வாரத்தில் 3.25. ஐந்தாம் அறைக்குள் 1.62. ஆறாம் அறைக்குள் 1.14. மிச்சம் நாற்பத்தொன்பது செண்டிமீட்டர்.

நோட்டை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். நாற்பத்தொன்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் என்னிடம் ஒரே சுவருக்கு இரண்டு கனங்கள் இருந்தன. எதை நம்புவது? முதல் அளவு இரண்டு பேர் சேர்ந்து, நிதானமாக, பகல் வெளிச்சத்தில் எடுத்தது. இரண்டாவது நான் தனியாக, அவசரத்தில், என் சின்ன இரும்பு நாடாவின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு எடுத்தது. வாசல் நிலையின் ஓரத்தில் செதுக்கிய முறுக்குக் கயிறு இருக்கிறது. அதன் வெளிவிளிம்பில் வைத்தேனா உள்விளிம்பில் வைத்தேனா என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது. ஆனால் விளிம்பு மாறினால் நாலு விரல் மாறும். தொண்ணூறு செண்டிமீட்டர் எப்படி மாறும்? இப்படியும் அப்படியுமாகக் காரணங்களை எழுதி இரண்டு பக்கம் நிரப்பினேன். முதல் கணக்கில் தப்பு என்றால் அது எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பு எங்கே என்று தெரியாமல் தப்பு என்று மட்டும் போய்ச் சொன்னால், பழைய ஒருவேளை திரும்பி வந்துவிட்டாள் என்பார்கள். மேலாளர் கடிதத்தைக் கிழித்துப் போடுவார். இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது.

கொத்தனார் ஒல்லியான மனிதர். பெரிய டிரில் மிஷினைக் குழந்தைபோல் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். மேலாளர் புதுச் சட்டை போட்டிருந்தார். பஞ்சு அக்கா, தீட்டிய இடுக்கின் இருட்டில், இடுப்பு உயரத்தில், சாக்பீஸால் சின்ன வட்டம் ஒன்று போட்டு வைத்திருந்தார். அந்த இடத்தில் நுணுக்கமான வேலை எதுவும் இல்லை, வெறும் கறுப்பு என்றார்.

கொத்தனார் ஓவியத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்து, மேலே என்ன இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டி என்றார் அத்தான். கட்டின காலத்து இரும்புத் தொட்டி. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குளியலறைகளுக்கும் தோட்டத்து நீரூற்றுக்கும் அனுப்பியது. இப்போது காலி. ஒரு சின்ன லாரி அளவு இருக்கும்.

"அது இந்தச் சுவத்து மேலயா உக்காந்திருக்கு?"

"நேரா இதுமேலதான்."

"அப்ப இதுல எவன் கதவு வைப்பான்?" என்றார் கொத்தனார். "வாசல் வச்சா தொட்டி கீழ வந்துரும். கதவு வேணும், வைக்க முடியாது, வரைஞ்சுட்டான். ஆள் கெட்டிக்காரன்."

இரண்டு பெட்டிக் கடிதங்களில் இல்லாத பதில், மனிதர் அண்ணாந்து பார்த்ததில் கிடைத்துவிட்டதுபோல் இருந்தது. எனக்குள் அந்த நாற்பத்தொன்பது எழுந்து நின்றது. ஆனால் மேலாளர் சிரித்தார். தொட்டிக்காகச் சுவரைத் தடிமனாகக் கட்டி நடுவில் இடம் விட்டிருக்கலாமே, இந்தப் பெண் அளந்து சொல்லியிருக்கிறாளே என்று என் பக்கம் கையைக் காட்டினார். கொத்தனார் தோளைக் குலுக்கினார். தனக்கென்ன, ஓட்டை போடச் சொன்னால் போடுகிறேன், வேண்டாம் என்றால் டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்றார்.

தரையில் தூசியும் கல்லும் விழாமல் இருக்கப் பலகை போட வேண்டியிருந்தது. சுவருக்கும் சாரத்துக்கும் நடுவே பொருந்தும்படி பலகையை அறுக்க வேண்டும். அத்தான் பழைய துணி நாடாவை எடுத்து, நுனியை என்னிடம் வீசினார். நான் குனிந்து சுவரோரம் பத்தாம் கோட்டை வைத்துப் பிடித்தேன். அவர் சாரத்தின் காலில் கட்டைவிரலை வைத்து, ரெண்டு நாற்பது என்றார். பலகையில் பென்சிலால் கோடு போடத் திரும்பினார். நாடாவை விடாமல் பிடித்தபடியே நான் தவழ்ந்துபோய் அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். நாடாவில் இருந்தது இரண்டு ஐம்பது.

"அத்தான், இதுல அம்பதுன்னு இருக்கு. நீங்க நாப்பதுன்னு சொன்னீங்க."

"நீ பத்துல பிடிச்சிருக்கேல்ல? கழிச்சுத்தான் சொன்னேன்."

"எப்பவும் கழிச்சுத்தான் சொல்வீங்களா?"

"பின்ன? இந்த டேப்ப பதினெட்டு வருஷமா எல்லாருமே பத்துலதான் பிடிக்கிறாங்க. சொல்றவன் கழிச்சுச் சொல்லணும், அதானே முறை."

வகுப்பில் சொன்ன முறை, எழுதுகிறவன் கழிக்க வேண்டும் என்பது. அவர் அவருடைய முறைப்படி கழித்துச் சொன்னார். நான் என்னுடைய முறைப்படி மறுபடி கழித்து எழுதினேன். ஓர் அறைக்குப் பத்து. ஒன்பது அறைக்குத் தொண்ணூறு. இரண்டு பேரும் ஒழுங்காக வேலை பார்த்து, சுவருக்குள் ஓர் அறையைக் கட்டிவிட்டோம்.

கொத்தனார் மிஷினின் வயரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். கம்பளி உறை வழுக்கியது. என் குரல் எப்படி இருந்தது என்று தெரியாது. பிறகு அத்தான் சொன்னதை வைத்துப் பார்த்தால் கத்தியிருக்கிறேன்.

"சார், துளைக்க வேண்டாம். உள்ள எதுவும் இல்ல. என் கணக்கு தப்பு."

மேலாளர் புரியாமல் பார்த்தார். நாடா, பத்து, கழித்தல், மறுபடி கழித்தல் என்று சொல்லச் சொல்ல எனக்கே குழறியது. அத்தான் இடையில் புகுந்து, அவள் சொல்வது சரிதான், நான் கழித்துத்தான் சொன்னேன் என்றார். மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நியாயமான ஒன்றைக் கேட்டார்.

"போன வாரம் நிச்சயம்னு சொன்ன. இப்ப தப்புங்கற. இதுல எது தப்பில்லைன்னு நான் எப்படி நம்புறது?"

என்னையே நான் அப்படித்தான் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மிஷினை ஓட விட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றார் அவர். கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

"என்னை நம்ப வேண்டாம் சார். நீங்களே அளங்க," என்றேன்.

வகுப்பின் இரும்பு நாடா இன்னும் என் பையில்தான் இருந்தது. அதன் வளையம் முழுசாக இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து பிடிக்கலாம், கழிக்க ஒன்றும் இல்லை. பஞ்சு அக்கா தானே வந்து வளையத்தை வாங்கிக்கொண்டார். எண்ணைப் படிப்பதும் எழுதுவதும் மேலாளர். அத்தான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கூடவே வந்தார். நான் என் நோட்டோடு பின்னால் நடந்தேன். முதல் அறை என் நோட்டில் இருந்ததைவிடப் பத்து அதிகம். இரண்டாம் அறையும் பத்து. மூன்றாம் அறையில் மேலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பத்து. ஐந்தாம் அறைக்குள் போகும்போது கொத்தனார் பின்னாலிருந்து, இதிலும் பத்துதான் சார் கூடும், பாருங்களேன் என்றார். கூடியது. இருந்தும் மேலாளர் ஒன்பதாம் அறைவரை விடவில்லை. ஜன்னல் மேடையில் தாளை வைத்துத் தானே கூட்டினார், தானே கழித்தார். நாற்பத்தொன்பது வந்தது. மற்ற சுவர்களுக்கும் இதற்கும் ஒரு செண்டிமீட்டர் வித்தியாசம் ஏன் என்று கேட்டார். அது யாருடைய கைப் பிசகு என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

எல்லோரும் ஆறாம் அறைக்குத் திரும்பினோம். மேலாளர் தீட்டிய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"அப்ப உள்ள செங்கல்."

"ஆமா சார்."

"வெறும் செங்கல்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எட்டு வருடக் கேலிக்கு ஒரு வாரம்தான் ஓய்வு கிடைத்திருந்தது. இனிமேல் வருகிறவர்களிடம் தொட்டிக் கதையைச் சொன்னால் யார் கேட்பார்கள் என்றார். நான் கேட்பேன் சார் என்றார் கொத்தனார், வயரைச் சுருட்டியபடி. மேலாளர் தாழ்வாரத்து வாசல்வரை போய்த் திரும்பினார். அந்தச் சிபாரிசுக் கடிதம் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது என்றார். அனுப்பப்போகிறாரா கிழிக்கப்போகிறாரா என்று சொல்லவில்லை. மாளிகை முழுவதையும் மறுபடி அளக்க வேண்டும் என்றார்.

"இந்தத் தடவ ரெண்டு பேரும் வாயத் திறந்து பேசிக்கிட்டே அளங்க."

அத்தான் பலகையைத் தூக்கிக்கொண்டு கொத்தனாரோடு டீக்குப் போனார். போகும்போது என்னிடம், அக்காவிடம் நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள், கழிக்காமல் சொல்லுங்கள் என்றேன்.

பஞ்சு அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். அவர் சாரத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்து குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரிஞ்சது?"

"இப்பத்தான்க்கா. பலகைக்கு அளந்தப்ப."

"காரணம் இப்பத் தெரிஞ்சது. சந்தேகம் எப்ப வந்தது?"

தரையைப் பார்த்தேன். சனிக்கிழமை என்றேன். தாழ்வாரத்தில் அளந்ததையும் நாற்பத்தொன்பது வந்ததையும் ஞாயிற்றுக்கிழமை முழுதும் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். பலகைக்கு அளக்காமல் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சுற்றிய பஞ்சைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

"அன்னிக்கு ரெண்டு தடவ கூட்டினேன்னு சொன்ன. அளந்தேன்னு சொல்லல. எனக்கு அது அப்பவே காதுல விழுந்துச்சு."

"அப்ப ஏன்க்கா மறுபடி கேக்கல?"

"உள்ள ஒரு அறை இருக்கணும்னு எனக்கு ஆசை," என்றார். "பதினாலு மாசம் ஒரு கதவையே பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு தடவ திறந்து பாத்துரணும்னு எனக்குத் தோணாதா? கேட்டா நீ இல்லன்னு சொல்லிருவியோன்னுதான் கேக்கல."

இரண்டு பேரும் சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்தோம். அத்தனை பெரிய ஓவியத்தில் ஒரு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அவர் குச்சியை மருந்துத் தண்ணீரில் தொட்டு என்னிடம் நீட்டினார். ஓவியத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடப்போகிறேன் என்றேன். தேய்க்காதே, உருட்டு, மெதுவாக ஆரம்பி, யாரும் காத்திருக்கவில்லை என்றார்.

குச்சியை வட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். பிறகு உருட்டினேன். முதல் பஞ்சு சாக்பீஸ் அப்பி வந்தது, இரண்டாவது சாம்பலாக. அவர் குனிந்து பார்த்து, கறுப்பு பெயரவில்லை, இன்னொன்று போடு என்றார். மூன்றாவது பஞ்சில் எதுவும் வரவில்லை.